தவளைப் படம் போட்ட பாட்டிலும் ஒரு கிலோ புழுவும்

கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில் நான் வழக்கமாகத் தவிடு வாங்கும் தீவனக் கடையில் இரண்டு மாதத்துக்கு முன் என் கோழிகளுக்காகப் புதிதாக இரண்டு பொருள்கள் வாங்கினேன். ஒன்று உலர்த்திய புழு, கிலோ 220 ரூபாய். மற்றொன்று ‘இயற்கை பெப்டைடு டானிக்’, அரை லிட்டர் 640 ரூபாய். பெப்டைடு என்றால் சின்னப் புரதத் துணுக்கு. அந்தப் புழு தீர்ந்து மறுபடியும் வாங்கிவிட்டேன். டானிக்கில் முக்கால் பாட்டில் இன்னும் அடுப்படி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

டானிக்கின் பெயரையோ அதைத் தயாரித்தவர்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் அலைவதற்கு என் முழங்கால் இடம் கொடுக்காது. பச்சை மூடி, வெள்ளை பாட்டில், அதன்மேல் வாயைத் திறந்தபடி ஒரு தவளை. இந்த அடையாளம் போதும்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளியில் 28 ஆண்டுகள் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சித்தூர் என்றதும் ஆந்திரா என்று நினைத்துக்கொண்டு திருப்பதி லட்டு வாங்கி வரச் சொன்ன உறவுக்காரர்கள் எனக்கு உண்டு. இது அந்தச் சித்தூர் இல்லை. இது பனையும் தென்னையும் கள்ளுக்கடையும் உள்ள சித்தூர்; எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கள் கிடையாது என்பதால் சாயங்காலத்தில் எங்கள் பக்கம் வரும் பைக்குகளின் எண்ணிக்கை கூடும். ஓய்வு பெற்ற பிறகு தோப்பு ஓரமாகச் சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். இப்போது பெட்டைகள் 26, சேவல் 3. ஆயிரக்கணக்கில் பிராய்லர் வளர்ப்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. முப்பது நாற்பது கோழி வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் கடையைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் வசவு அதற்கு உரியதில்லை. சோதனைச்சாவடியிலிருந்து நடக்கும் தொலைவுதான். வெளியே பலகை மலையாளத்தில், உள்ளே கணக்கு நோட்டு தமிழில், பேச்சு இரண்டிலும். தராசு சரியான தராசு. நான் வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ரகம், இதுவரை ஐம்பது கிராம்கூடக் குறைந்ததில்லை. பிண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவார்கள். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஷட்டர் இறங்கிவிடும், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கடையை நடத்துபவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். உயிரியலில் முப்பத்தைந்தைத் தாண்டாத அவன்தான் எனக்குப் பெப்டைடு விற்றான்.

“டீச்சர், இது தவளை மருந்து. கோழிக்கு எந்த நோயும் அண்டாது” என்றான்.

“எந்தத் தவளை?”

“நம்ம கேரளத் தவளைதான் டீச்சர். பேப்பரில்கூட வந்ததே.”

அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னை 640 ரூபாய் எடுக்க வைத்தது. தவளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். புழு நல்ல பொருள், அதற்கு முதல் மரியாதை.

பாக்கெட்டைப் பிரித்ததும் வறுத்த வேர்க்கடலை வாசனை, அதன் அடியில் லேசாகக் கருவாடு. புழு ஒவ்வொன்றும் சுண்டு விரல் நகத்தைவிடச் சற்று நீளம், பழுப்பு நிறம், வரி வரியாக மடிப்பு. இரண்டு விரலால் ஒடித்தால் அப்பளம்போல ‘டிக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள், எங்கள் ஆனி, ஆடி மாதக் காற்றில் நாலே நாளில் பூசணம் பூத்துவிடும். எனக்குக் கிடைத்தது நன்றாக ஒடிந்தது.

தகரத் தட்டில் ஒரு கைப்பிடி போட்டேன். தூற்றல் விழுவதுபோல அந்தச் சத்தம் கேட்டதும் சாம்பல் பெட்டைதான் முதலில் தலையைத் தூக்கியது. அது சந்தேகப் பிராணி. ஒரு கண்ணால் தட்டைப் பார்த்தது, தலையைத் திருப்பி மற்றொரு கண்ணால் பார்த்தது, ஒரு புழுவைக் கொத்தித் தரையில் இரண்டு தடவை அடித்துவிட்டு விழுங்கியது. பிறகு கழுத்தை நீட்டியபடி அப்படியே நின்றது. நான் உயிர் போய்விட்டதோ என்று பயந்தேன். இல்லை, ருசி பார்த்திருக்கிறது. அடுத்த நிமிடம் தட்டைச் சுற்றி ஒரே களேபரம். பெரிய சேவல் மட்டும் தான் தின்னாமல் புழுவை வாயில் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, ‘கொக் கொக்’ என்று பெட்டைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பாக்கெட் சரசரக்கும் ஓசைக்கே தோப்பின் கடைசி மூலையிலிருந்து ஓடி வந்தன. அதனால் எனக்கு ஒரு லாபம்: சாயங்காலம் அடைக்கும்போது ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதில்லை.

பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் போடுவதில்லை. இறகு உதிர்த்துக்கொண்டிருந்த இரண்டு பெட்டைகளுக்குப் புது இறகு சீக்கிரம் வந்தது என்று தோன்றியது. மஞ்சள் கருவின் நிறம் மாறும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது, மாறவில்லை. பாக்கெட்டின் அடியில் ஒரு கைப்பிடி தூள் தங்கியது, அதைத் தவிட்டில் கலந்துவிட்டேன். தயாரித்த தேதி அழிந்திருந்தது ஒரு குறை. புழுவை எதைப் போட்டு வளர்த்தார்கள் என்று எழுதாதது அதைவிடப் பெரிய குறை. காய்கறிக் கழிவா, ஓட்டல் எச்சிலா, கசாப்புக் கழிவா என்பது வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

அது கறுப்புச் சிப்பாய் ஈ என்னும் பூச்சியின் புழு. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது, இப்போது உலகமெங்கும் உண்டு. ஈ என்று பெயர். பார்க்கக் குளவி மாதிரி இருக்கும். புழு வாழும் இடம் அழுகல், சாணம், எச்சில் குப்பை. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகும் இடத்தில் அது உடம்பு முழுக்கப் புரண்டு தின்று கொழுக்கிறது, ஆனால் அழுகுவதில்லை. கோழி எச்சத்தில் இந்தப் புழுவை விட்டால் அதிலுள்ள சால்மோனெல்லாக் கிருமிகளின் எண்ணிக்கைகூடக் குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

காரணம் அதன் உடம்புக்குள் இருக்கிறது. பூச்சிகளுக்கு நம்மைப்போல ஆன்டிபாடி கிடையாது. தடுப்பூசி போட்டு நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. அவற்றிடம் இருப்பவை சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள், கிருமியைக் கண்டதும் சுரப்பவை. ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் என்பவரின் குழு செக்ரோப்பியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குப் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றியது. சில நாளில் அதன் ரத்தத்துக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் குணம் வந்திருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குச் செக்ரோப்பின் என்று பெயர் வைத்து 1981இல் வெளியிட்டார்கள். நம் சிப்பாய் ஈயிடம் இப்படிப்பட்ட பெப்டைடுகளுக்கான மரபணுக்கள் 50க்கும் மேல். குப்பையில் குடியிருப்பவனுக்குக் காவலுக்கு ஆள் அதிகம் வேண்டும் அல்லவா.

வகுப்பில் இதைச் சீயக்காயை வைத்துத்தான் விளக்குவேன். சீயக்காய் நுரைக்கும் பொருளுக்கு ஒரு முகம் தண்ணீரோடு சேரும், மற்றொரு முகம் எண்ணெயோடு சேரும்; அதனால்தான் தலையின் எண்ணெய் போகிறது. இந்தப் பெப்டைடுகளிலும் பல அப்படித்தான். கூடவே நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறையோ எதிர்மின்னூட்டம் கொண்டது. போய் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் முகத்தால் உறைக்குள் நுழையும், உறை பொத்தலாகும். நம்முடைய, கோழியினுடைய செல்களின் வெளிப்புறத்தில் அந்த எதிர்மின்னூட்டம் அவ்வளவாகக் கிடையாது, கொலஸ்ட்ரால் வேறு கலந்து கெட்டிப்பட்டிருக்கிறது. அதனால் பெரும்பாலும் தப்பிக்கிறோம்.

புழுப் பாக்கெட்டின் முதுகிலும் ‘பெப்டைடு நிறைந்தது, நோய் எதிர்ப்பு தரும்’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை நம்பி வாங்காதீர்கள். மானைத் தின்ற புலிக்குக் கொம்பு முளைப்பதில்லை. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். கோழியின் இரைப்பையில் அமிலம் இருக்கிறது, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதி இருக்கிறது. குடலில் டிரிப்சின் என்ற மற்றொரு நொதி காத்திருக்கிறது. பாசிமணியை அறுப்பதுபோல மணி மணியாக அறுத்துவிடும். கெட்டியான சில துணுக்குகள் மிஞ்சிக் குடலில் ஏதாவது செய்யலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் புழுவால் குடலுக்கு நன்மை என்றால் அதில் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்துக்கும் பங்கு கேட்க உரிமை உண்டு. அந்தப் புழுவின் கொழுப்பில் அதிகமாக இருப்பது அதுதான். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுவேதான். தென்னந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்பதை என் கணவர் இருந்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பார்.

நல்ல புரதம், கால்சியம், கோழிகளுக்கு ஒரு விளையாட்டு. 220 ரூபாய்க்கு இது எனக்குச் சம்மதம்.

இப்போது தவளை.

பாட்டிலில் மூன்று மொழி. ஆங்கிலமும் மலையாளமும் சரியாக இருந்தன. தமிழில் மட்டும் ‘சக்திவாய்ந்த கோழி எதிர்ப்பு மருந்து’ என்று அச்சிட்டிருந்தார்கள். கோழியை எதிர்த்து ஒரு மருந்து! எல்லையோரத் தமிழனின் தலையெழுத்து இது. மிச்சம் மீதி மொழிபெயர்ப்பு எங்களுக்கு. இதைக்கூட மன்னிப்பேன். உள்ளடக்கம் என்ற இடத்தில் ‘இயற்கை எதிர்நுண்ணுயிர் பெப்டைடு: போதிய அளவு’ என்றிருந்தது. எந்தப் பெப்டைடு? எதிலிருந்து எடுத்தது? எத்தனை மில்லிகிராம்? மளிகைச் சீட்டில் ‘பருப்பு’ என்று மட்டும் எழுதினால் துவரையா உளுந்தா, எத்தனை கிலோ என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார்.

கடைக்காரப் பையன் சொன்ன ‘பேப்பரில் வந்த’ செய்தி 2017இல் வந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் பரவலாகக் காணப்படும் ஒரு தவளை, விஞ்ஞானப் பெயர் ஹைட்ரோபிலாக்ஸ் பஹுவிஸ்தாரா. அதன் தோலில் மிக மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் ஒரு திரவம் சுரக்கும். அதைச் சேகரித்துக்கொண்டு தவளையைத் திரும்ப விட்டுவிட்டார்கள். அந்தச் சுரப்பிலிருந்து கிடைத்த 32 பெப்டைடுகளைச் சோதித்ததில் நான்கு இன்ஃப்ளூயன்சா வைரஸை அழித்தன. அந்த நான்கிலும் மனித ரத்த அணுவுக்குக் கேடு செய்யாததாக நின்ற ஒன்றுக்கு உருமின் என்று பெயர் வைத்தார்கள். களரிக்காரர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சுருள் வாள் இருக்கிறதே, உருமி, அந்தப் பெயர். பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் உருமின் அடிப்பது எதை? இன்ஃப்ளூயன்சா வைரஸிலும் எச்1 வகையின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தண்டுப் பகுதியை. அங்கேதான் பிடிக்கிறது, அங்கேதான் உடைக்கிறது. சோதித்தது சுண்டெலிகளில். என் கோழிகளைக் கொல்வது ராணிக்கேட். எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளைக் கழிச்சல். அது வேறு குடும்பத்து வைரஸ், அந்தத் தண்டு அதனிடம் கிடையாது. ஒரு பூட்டுக்குச் செய்த சாவியின் படத்தை ஒட்டி வேறு வீட்டுக்காரனுக்கு விற்கிறார்கள். அந்தச் சாவியாவது பாட்டிலுக்குள் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

லேபிளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

“தம்பி, இதில் எந்தப் பெப்டைடு? எத்தனை அமினோ அமிலம் கொண்டது?”

“எல்லா அமினோ அமிலமும் இருக்கிறது மேடம்.”

“தவளையிலிருந்து எடுத்ததா?”

“நேச்சுரல் மேடம். நானோ டெக்னாலஜி.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதைத்தான். இதற்கு மேல் கேட்டு அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

இருந்தாலும் காசு கொடுத்துவிட்டோமே. அந்த வாரம் இரண்டு அடைக்கோழிகள் 22 குஞ்சுகள் பொரித்திருந்தன. ஆளுக்குப் பதினொன்றாகப் பிரித்து இரண்டு பஞ்சாரத்தில் விட்டேன். எங்கள் பக்கம் கொடாப்பு என்போம். இரண்டுக்கும் ஒரே தீவனம், ஏழாம் நாள் இரண்டுக்கும் கண்ணில் ராணிக்கேட் சொட்டு மருந்து. ஒரு பக்கத்துக்கு மட்டும் லேபிள் சொன்னபடி லிட்டருக்கு ஐந்து மில்லி டானிக், மூன்று வாரம்.

இரண்டாம் நாள் காலையிலேயே ஒரு முடிவு தெரிந்துவிட்டது. டானிக் வைத்த தண்ணீர்த் தட்டைச் சுற்றிக் கட்டெறும்பு வரிசை கட்டியிருந்தது. வெறும் தண்ணீர்த் தட்டைச் சீந்தக்கூட இல்லை. வீட்டு வேலைக்கு வரும் ராக்கம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, “அம்மா, இது வெல்லப்பாகு மாதிரி இருக்கிறதே” என்றாள். ஒரு சொட்டு விரலில் எடுத்து இரண்டு விரலையும் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுத்தது. 28 ஆண்டுகள் நான் வைத்திருந்த பள்ளி ஆய்வகத்தைவிட அந்த எறும்புகளும் ராக்கம்மாளும் வேகமாக வேலை செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து டானிக் பக்கம் ஒன்பது குஞ்சுகள், தண்ணீர்ப் பக்கம் பத்து. டானிக் பக்கத்தில் ஒன்றைக் காகம் கொண்டுபோனது, அதை மருந்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். மற்றொன்று ரத்தக் கழிச்சலில் போனது. தண்ணீர்ப் பக்கத்தில் போனதும் ரத்தக் கழிச்சல்தான். இரண்டு நாள் மழையில் சாரல் அடித்துத் தரையில் போட்ட உமி நனைந்திருந்தது, நான் உடனே மாற்றவில்லை. என் தப்பு. அடுப்படித் தராசில் நிறுத்தால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாய்த் தண்ணீர் எடை. இருபத்திரண்டு குஞ்சுகளை வைத்துக்கொண்டு இதை ஆராய்ச்சி என்று என் மாணவி யாராவது எழுதி வந்திருந்தால் பாதி மார்க்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் 640 ரூபாய்க்கு விற்பவர்கள் அந்தப் பாதி மார்க் அளவுக்காவது ஏதாவது காட்ட வேண்டாமா?

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. தவளைக் கதை எவ்வளவு அழகான கதை! 1987இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்துக்கொண்டு, தைத்து, மறுபடி தொட்டியில் விட்டுவந்தார். அவருக்கு வேண்டியது முட்டை, வேறு ஆய்வு. தொட்டித் தண்ணீரோ கலங்கல், கிருமி நிறைந்தது. நாள்கள் போயும் ஒரு தையலும் சீழ் பிடிக்கவில்லை. எல்லோரும் பார்த்திருப்பார்கள், அவர் மட்டும் ஏன் என்று நின்றார். தோலிலிருந்து 23 அமினோ அமிலம் கொண்ட இரண்டு பெப்டைடுகள் கிடைத்தன. மகைனின் என்று பெயர். எபிரேய மொழியில் கேடயம் என்பதிலிருந்து வந்தது. அந்தக் கேடயத்தைச் சற்று மாற்றி நீரிழிவுக்காரர்களின் காலின் புண்ணுக்குக் களிம்பு செய்தார்கள். இருக்கும் மாத்திரையைவிட மேலானது என்று காட்ட முடியாததால் 1999இல் அமெரிக்காவில் அனுமதி மறுத்துவிட்டார்கள். புண்ணின் மேலேயே நேராகத் தடவிய மருந்துக்கே அந்த நிலை என்றால், குடிதண்ணீரில் ஐந்து மில்லி கலந்து இரைப்பைக்குள் அனுப்புவது எங்கே போய்ச் சேரும்?

பெப்டைடு என்றாலே சாது என்ற நினைப்பும் வேண்டாம். கோலிஸ்டின் என்று ஒரு மருந்து ஒரு காலத்தில் கோழித் தீவனத்தில் தாராளமாகப் புழங்கியது. அதுவும் பெப்டைடுதான், மண்ணில் வாழும் பாக்டீரியா தயாரிப்பது, முழுக்க ‘நேச்சுரல்’. மனிதர்களுக்கு மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் கடைசியாகக் கை நீட்டும் மருந்துகளில் அது ஒன்று. 2015இல் சீனாவில், அதற்கு மசியாத குணத்தை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குக் கைமாற்றிவிடும் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பன்றிப் பண்ணைப் பக்கம் தேடியபோது கிடைத்தது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் அதைத் தடை செய்தது. லேபிளில் பெப்டைடு என்று மட்டும் எழுதிப் பெயரை மறைக்கும் பாட்டிலைப் பார்த்தால் என் வயிறு கலங்குவது இதனால்தான். என் பாட்டிலில் வெல்லப்பாகு மட்டும் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் கோழியிடம் இல்லாத சரக்கா? கோழியின் ரத்தத்தில் கிருமியை விழுங்கும் வெள்ளையணு ஒன்று உண்டு, ஹெட்டரோஃபில். நம்முடைய அணுக்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் மயலோபெராக்சிடேஸ் என்ற நொதி அதனிடம் இல்லை. அந்தக் குறையை அது பெப்டைடுகளை வைத்துத்தான் ஈடுகட்டுகிறது. டிஃபென்சின் என்னும் வகையில் கோழிக்கு 14 மரபணுக்கள், கேத்தலிசிடின் வகையில் நான்கு. மனிதர்களுக்குக் கேத்தலிசிடின் ஒன்றே ஒன்று. 640 ரூபாய் கொடுத்து நான் கொட்டிலுக்குள் கொண்டுபோனதைவிடச் சாம்பல் பெட்டை தன் உடம்பில் வைத்திருப்பது அதிகம்.

அடைக்கோழியின் அடியில் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இறகு உதிர்ந்து வெறும் தோல், கொதிக்கிற சூடு. அந்தச் சூட்டில், எச்சம் ஒட்டிய வைக்கோலில், சத்து நிறைந்த ஒரு பொருள் 21 நாள் கெடாமல் கிடக்கிறது. காலையில் காய்ச்ச மறந்த பால் மத்தியானம் தாங்குவதில்லை. பத்தில் ஒன்றிரண்டு கூமுட்டை ஆகும், மீதி எட்டும் நிற்கும். ஓடு ஒரு காவல், உள்சவ்வு ஒரு காவல். வெள்ளைக் கருவில் லைசோசைம் என்ற, பாக்டீரியாவைக் கொல்லும் நொதி. பென்சிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங் அதற்கு முன்பே, 1922இல், மூக்குச் சளியில் கண்டு சொன்ன அதே பொருள். மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் அந்த 14 டிஃபென்சின்களில் ஒன்று. ஆம்லெட்டுக்கு முட்டையை உடைக்கும்போது மஞ்சள் கரு உடையாமல் வழுக்கி விழுகிறதே, அதைச் சுற்றியிருப்பது அந்தச் சவ்வுதான்.

இந்தச் சரக்கைக் கோழியே கூடுதலாகச் சுரக்கும்படி செய்ய முடியுமா என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை எனக்கு நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பியூட்டிரேட் என்ற எளிய பொருளைக் கொடுத்தபோது கோழியின் செல்களில் இந்தப் பெப்டைடு மரபணுக்கள் சுறுசுறுப்பானதையும் குடலில் சால்மோனெல்லா குறைந்ததையும் காட்டினார்கள். குடலில் நார்ச்சத்து நொதிக்கும்போது நல்ல பாக்டீரியாக்களே தயாரிக்கும் பொருள் அது. என்ன கொடுத்தார்கள், எந்தச் செல், எந்த மரபணு என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். பாட்டில்காரர்களிடம் நான் கேட்டதும் அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். இந்தத் தடவை புழு இரண்டு கிலோ. இரண்டு பாக்கெட்டையும் பிரிக்கச் சொல்லி ஒடித்துப் பார்த்தேன். ஒன்று வளைந்தது, வேறு கொடுத்தான். டானிக் பாட்டிலையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். எறும்புக் கதையைச் சொன்னதும் அவன் முகம் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டது.

“அப்போது அந்தத் தவளைச் செய்தி பொய்யா டீச்சர்?”

“செய்தி நிஜம். உன் பாட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “மீதியைக் கொடுங்கள், பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்றான். நல்ல பிள்ளை, எனக்கு நட்டம் வரக் கூடாது என்று நினைத்திருக்கிறான்.

“எடுத்து யாருக்கு விற்பாய்?” என்று கேட்டேன்.

சிரித்தான். பாட்டிலைத் துடைத்து என் பையிலேயே திரும்ப வைத்தான். பிறகு ஸ்டூலில் ஏறி, அலமாரியில் முன்வரிசையில் இருந்த மற்ற ஏழு பாட்டில்களையும் இறக்கி, கம்பெனி வண்டி வரும்போது திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். மணி ஒன்றே கால். ஷட்டர் இறங்குவதற்குள் நான் புழுவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.